அம்மைத் தழும்பை அழித்த நாள்

"அக்கா, இதுல நீங்க ஒண்ணுமே பண்ணலையே?" என்று கேட்டாள் கல்யாணப்பெண்.

ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களை கம்ப்யூட்டரில் திருத்துவது என் வேலை. அந்த ஒரு படத்துக்கு நான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, வெளுக்க ஒன்று, கறுக்க ஒன்று என்று படத்தின் மேல் வெளிச்சத்தை மாற்றும் அடுக்குகளாக இரண்டு கர்வ்ஸ் லேயர் போட்டு, ஒரு தடவலில் எவ்வளவு இறங்கும் என்று சொல்லும் பிரஷ்ஷின் ஃப்ளோவை 2 சதவீதத்தில் வைத்து, கன்னத்தின் ஒவ்வொரு சின்னப் பள்ளத்தையும் தனித்தனியாகத் தடவித் தடவிச் சரிசெய்யும் வேலை. டாட்ஜ் அண்ட் பர்ன் என்போம். இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்தில், காகிதத்தில் விழும் ஒளியைக் கையால் மறைத்தும் கூட்டியும் செய்ததற்கு இருந்த அதே பெயர். தோலின் துளைகள் அப்படியே இருக்கும். முகம் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக மாறும். ஒழுங்காகச் செய்தால், செய்ததே தெரியாது. அன்றைக்கு என் வேலை அவளுக்குத் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

அவள் தன் போனை நீட்டினாள். அதில் இருந்த செல்ஃபியில் தாடை ஒடுங்கி, கண் பெரிதாகி, தோல் மெழுகு மாதிரி இருந்தது. போனே எல்லாவற்றையும் செய்து கொடுத்திருந்தது. "இந்த மாதிரி வேணும்க்கா." என் லேயர்களை அணைத்துவிட்டு, தோலை மொத்தமாக வழவழப்பாக்கும் பிளக்-இன்னை ஓட்டினேன். பத்து நிமிஷம்தான். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2006-ல் கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் போட்டோஷாப் 7 இருந்தது. 2002-ல் வந்த பதிப்பு. ஹீலிங் பிரஷ் முதன்முதலாக வந்தது அதில்தான். பருவின் மேல் ஒரு தடவு தடவினால் பக்கத்துத் தோலை எடுத்து மூடிவிடும். மந்திரம் மாதிரி இருந்தது. வருகிற முகத்திலெல்லாம் தடவிக்கொண்டே இருந்தேன்.

என்னை நிறுத்தியவர் மாஸ்டர். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர். கண்ணில் புரை விழுந்த பிறகும் தினமும் ஸ்டூடியோவுக்கு வந்து உட்காருவார். தன்னுடைய டச்சிங் பெட்டியை எனக்கு ஒருமுறை எடுத்துக் காட்டினார். சாய்வாக ஒரு பலகை, நடுவில் பால் கண்ணாடி, கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சில். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முகத்தில் கறுப்பாக விழும் சுருக்கம் அங்கே வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால், பிரிண்டில் சுருக்கம் மங்கும். பென்சிலால் வெளுக்க மட்டும்தான் முடியும். கறுக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்டவேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் முகம் போய்விடும்.

"கண்ணுக்குக் கீழ இருக்க கோட்டை அழிக்காத. பாதியாக்கு. முழுசா எடுத்தா ஆளு பொம்மையாயிருவான்" என்பார். என் ரசனை அவரிடமிருந்து வந்தது. இரண்டு வாரத்தில் தானே போய்விடக்கூடிய பருவையும் கொசுக்கடியையும் எடுக்கலாம். மச்சம், தழும்பு, தெத்துப்பல் இதெல்லாம் ஆளோடு பிறந்தது அல்லது ஆளோடு வளர்ந்தது, அதில் கை வைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்தச் சண்டை பழையது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில், மியூனிக்கைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே உருவப்படத்தைத் திருத்தாமலும் நெகட்டிவில் திருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். கூட்டம் எந்தப் படத்தின் முன்னால் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பத்து வருஷத்தில் இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் கேமரூன் அதற்கு நேர் எதிராக, கீறலும் கைரேகையும் விழுந்த படங்களை அப்படியே வெளியே வைத்தார். வேலை தெரியாதவர் என்று விமர்சகர்கள் திட்டினார்கள். கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் இறந்தவர் அவர். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் முகங்கள் மூச்சு விடுகின்றன.

எங்கள் ஊர்களில் சண்டை சுருக்கத்தைப் பற்றியது மட்டும் இல்லை. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! ஃபிலிம் காலத்து லேப்களுக்கு கோடாக் அனுப்பிய சோதனை அட்டையில் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி என்று அர்த்தம். மிஷின்கள் மாறிவிட்டன. கேட்பவர்களின் கண்ணில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது.

மாநிறத்தையும் கறுப்பையும் கர்வ்ஸ் வைத்துத் தூக்கினால் சிவப்பு வராது, சாம்பல்தான் பூக்கும். கன்னத்தில் இயல்பாக விழுந்த பளபளப்பு செத்துப்போகும். காதும் கழுத்தும் பழைய நிறத்திலேயே நிற்கும். அதையும் தூக்கினால் கழுத்தில் கிடக்கும் தங்கம் எலுமிச்சை மஞ்சளாகும், அரக்குப் பட்டு சிவப்புப் பட்டாகும். முகம் மாறியதைப் பொறுத்துக்கொள்கிற அம்மா, சேலை நிறம் மாறியதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நடுவில் நான் வேலை பார்த்த இன்னொரு ஸ்டூடியோவில் எல்லா ஆல்பத்துக்கும் ஒரே ஆக்‌ஷன்தான். பதிந்து வைத்த கட்டளைகள் தானாக ஓடிக் கலரை ஏற்றிவிடும். மூவாயிரம் படத்துக்கும் ஒரு பட்டன். அங்கே ஒரு நர்ஸ் பெண்ணின் கல்யாண ஆல்பம் வந்தது. நல்ல கறுப்பு, அப்படி ஒரு களை. நான் அந்தப் பட்டனை அழுத்தினேன். ஆல்பம் வாங்க வந்த அன்று மாமியார் பக்கம் பக்கமாகப் பாராட்டினார். அந்தப் பெண் தன் மருதாணிக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், படத்தில் இருந்த கையை அல்ல. ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளி சொன்னார், செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அழுத்தியது என் விரல்தான். இரண்டு மாதத்தில் அங்கிருந்து விலகி, இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தேன்.

இங்கே வந்த பிறகுதான் கயத்தாறு பக்கத்திலிருந்து அந்தப் பாட்டி வந்தார். கையில் ஒரு குரூப் போட்டோ, கோயில் கொடையில் எடுத்தது. பூஞ்சை பிடித்து அங்கங்கே புள்ளி. அதில் அவர் வீட்டுக்காரர் வெறும் மேலில் துண்டோடு நிற்கிறார். முகம் கட்டைவிரல் நகம் அளவு. முதல் வருஷத் திவசத்துக்குப் பெரிய படமாக வேண்டும், வெள்ளைச் சட்டை போட்டுவிட வேண்டும், பக்கத்தில் பாட்டியும் இருக்கவேண்டும். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், சேர்ந்து ஒரு படம் எடுத்ததில்லை.

இந்த மாதிரி வேலை என்றாலே எனக்குள் ஒரு முகச்சுளிப்பு உண்டு. எங்கள் கம்ப்யூட்டரில் சட்டைக்கு, கோட்டுக்கு, பட்டுச் சேலைக்கு என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கின்றன. யாரோ ஒருவரின் சட்டையில் இன்னொருவரின் தலை. எடுக்காத படத்தை எடுத்ததாகக் காட்டுவது பொய்தானே என்று நினைப்பேன். ஆனாலும் செய்தேன். ஸ்கேன் செய்து, பூஞ்சைப் புள்ளிகளை ஹீலிங் பிரஷ்ஷால் துப்புரவாகத் துடைத்து, சட்டை மாட்டி, பாட்டியை ரேஷன் கார்டு படத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி, ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழும்படி நிழல் போட்டு, 12-க்கு 18 பிரிண்ட்.

பாட்டி பிரிண்டைக் கையில் வாங்கி, வீட்டுக்காரரின் கன்னத்தை விரலால் தடவினார்.

"அம்மத்தழும்ப எங்க தாயி? இது யாரோ மாதிரில்லா இருக்கு."

சின்ன வயதில் பெரியம்மை கண்ட மனிதர். 1975-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோயே இல்லை, நான் அந்தத் தழும்பை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து எல்லாவற்றையும் துடைத்திருக்கிறேன். நல்ல வேளையாகத் துடைத்தது தனி லேயரில் இருந்தது.

பாட்டியைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, துடைத்த லேயரை அணைத்தேன். புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்தன, பூஞ்சையும் தழும்பும் கலந்து. பாட்டி மானிட்டரில் விரல் வைத்தார். "இது உண்டு. இது இல்ல. மூக்குக்குப் பக்கத்துல மூணு வரிசையா இருக்கும், ஆங், இதான். நெத்தியில ஒண்ணு பெருசு. இது அழுக்கு, எடுத்துரு." ஒன்றுக்குக்கூடத் தயங்கவில்லை. அவர் உண்டு என்றதை, லேயரில் எது தெரியவேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கில் கறுப்பு அடித்துத் திறந்துவிட்டேன், இல்லை என்றதை மூடினேன். ஒரு மணி நேரம் ஆனது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒருவராக மாறி, கடைசியில் பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார்.

சட்டை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "சட்ட நல்லாருக்கு. அவுக உசுரோட இருக்கப்ப இப்படி ஒண்ணு எடுத்துக் குடுக்க முடியல" என்றார்.

நான் பொய் என்று நினைத்த சட்டை அவருக்கு உறுத்தவே இல்லை. ஆளோடு வளர்ந்ததில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, நான் துடைத்ததுதான் உறுத்தியது. மாஸ்டர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஆல்பம் வேலைக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முகத்தில் எது இருக்கவேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். மெழுகு மாதிரி வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு மெழுகு மாதிரியே செய்து கொடுக்கிறேன், அவள் முகம், அவள் ஆசை. ஆனால் பெண் ஒன்றும் அம்மா ஒன்றுமாகச் சொன்னால், பெண் சொன்னதுதான். போன வைகாசியில் ஒரு அம்மா, பெண்ணின் கலரை ஏற்றியே ஆகவேண்டும் என்று நின்றார். பெண் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். நான் மாட்டேன் என்றேன். எங்கள் ஓனர் அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பார்த்தார், மேஜை டிராயரைத் திறந்து அட்வான்ஸை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.