வீட்டு மேசையில் ஒரு போர்ட்டர்ஹவுஸ்

பிப்ரவரி 19, 2025, புதன்

இந்த ஆண்டு திருமண நாளுக்கு மன்ஹாட்டன் போவதில்லை என்றும், தடித்த மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தரும் ஸ்டேக்ஹவுஸ் உணவகங்களின் பாணி விருந்தை நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்திருக்கிறோம். மாலையில் இறைச்சிக் கடைக்குப் போய், இரண்டு அங்குலத் தடிமனில் போர்ட்டர்ஹவுஸ் என்னும் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன். நடுவில் டி எழுத்தைப் போன்ற எலும்பு; அதன் ஒருபுறம் மெல்லுவதற்குச் சற்று உறுதியான ஸ்ட்ரிப், மறுபுறம் மிக மிருதுவான டெண்டர்லாயின். அந்த டெண்டர்லாயின் குறைந்தது ஒன்றேகால் அங்குல அகலம் இருந்தால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை அதைப் போர்ட்டர்ஹவுஸ் என்று ஒப்புக்கொள்ளும். கடைக்காரர் அளந்து காட்டவில்லை. நான் கண்ணாலேயே அளந்துகொண்டேன்.

மனைவி மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் அவருக்கு எலும்போடு வெட்டிய ஆட்டிறைச்சித் துண்டுகளான சாப்ஸ் வாங்கினேன். இது மரபை மீறிய சலுகை அன்று. நியூயார்க்கில் 1885-இல் தொடங்கிய கீன்ஸ் உணவகத்துக்குப் புகழ் சேர்த்ததே மட்டன் சாப்தான். ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த அந்த உணவகத்தின் மீது நடிகை லில்லி லாங்ட்ரி 1905-இல் வழக்குத் தொடுத்து வென்ற கதையை மனைவியிடம் சொன்னேன். “வழக்குப் போட்டு உள்ளே போனவர் என்ன சாப்பிட்டாராம்?” என்று கேட்டார். மட்டன் சாப் என்றுதான் அந்த உணவகம் இன்றுவரை பெருமையோடு சொல்லி வருகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

பெரிய ஸ்டேக்ஹவுஸ்களில் இறைச்சியைக் குளிர்ந்த அறையில் மூன்று நான்கு வாரங்கள் திறந்தவாறே பதப்படுத்துவார்கள். நீர் வற்றிச் சுவை இறுகும், இறைச்சியிலேயே உள்ள நொதிகள் தசையைத் தளர்த்தும். ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு வீட்டில் அதைச் செய்ய வழியில்லை. எனவே இருபுறமும் கல்லுப்பைத் தாராளமாகத் தூவி, கம்பித்தட்டின் மீது மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீர் உப்போடு உள்ளே திரும்பும், மேற்பரப்பு மட்டும் காய்ந்துவிடும். காய்ந்த பரப்புதான் நெருப்பில் சட்டென்று முறுகும்.

இரவில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பீங்கான் தட்டை, மேலிருந்து அனல் வீசும் பிராய்லரின் அடியில் வைத்ததும் குறுக்கே விரிசல் விட்டது. சனிக்கிழமை விருந்துக்கு வேறு தட்டு தேட வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

புரூக்ளினில் 1887 முதல் இயங்கும் பீட்டர் லூகர் ஸ்டேக்ஹவுஸின் முறையைத்தான் பின்பற்ற எண்ணியிருந்தேன். அங்கே ஸ்டேக்கை வாட்டி, எலும்பிலிருந்து பிரித்துத் துண்டு போட்டு, எலும்பை ஒட்டியே மறுபடி அடுக்கி, வெண்ணெயோடு இன்னொருமுறை அனலில் காட்டி, பொரிந்துகொண்டிருக்கும் தட்டோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். தட்டின் ஒரு விளிம்புக்கு அடியில் சிறு தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பதால் வெண்ணெயும் சாறும் தாழ்ந்த பக்கம் வழிந்து தேங்கும். பரிமாறுபவர் அதைக் கரண்டியால் அள்ளித் துண்டுகளின் மேல் விடுவார்.

எங்கள் வீட்டில் அந்தத் தட்டின் வேலையைச் செய்தது, ஊரிலிருந்து வந்த கனமான எவர்சில்வர் தட்டு. அதன் அடியில் கவிழ்த்தது ரசக் கிண்ணம். உள்வெப்பம் 115 பாரன்ஹீட்டைத் தொட்டபோது எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, துண்டு போட்டு, மீண்டும் பிராய்லருக்குள் தள்ளினேன். வேளாண்மைத் துறை 145 பாரன்ஹீட்டும் மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்கிறது; கல்லூரியிலிருந்து வந்திருந்த மகன் 130-க்கு மேல் போனால் தொடமாட்டேன் என்றான். வெளிப்பக்கம் கருங்காலி நிறம், உள்ளே ஒரே சீரான சிவப்பு. என் கையால் இவ்வளவு சரியாக வந்தது இதுவே முதல்முறை. எவர்சில்வர் பீங்கானை விட வேகமாக ஆறிவிடுகிறது என்பது மட்டுமே குறை.

ஐஸ்பெர்க் லெட்டூஸைக் கால் பாகமாக நறுக்கி ப்ளூ சீஸ் ஊற்றிய சாலட்டை மகன் ஒருவனே முடித்தான். க்ரீம் சேர்த்த பசலைக்கீரையில் நான் தோற்றேன். வெந்த கீரையை ஈரம் போகப் பிழியாததால் அது கூட்டாகவும் இல்லாமல் மசியலாகவும் இல்லாமல் தட்டெங்கும் ஓடியது. ஸ்டேக்ஹவுஸைப் போல விளக்கை மங்கலாக்கியிருந்தேன். சாப்ஸில் எலும்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று மனைவி எழுந்து போய் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எலும்பை மிளகோடு கொதிக்கவைத்து மகனும் நானும் சூப்பாகக் குடித்தோம். அடுத்த முறை பீஃப்ஸ்டேக் விருந்து வைக்கலாம் என்கிறான் மகன். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் தோன்றி, இன்று எங்கள் மாநிலத்தின் வடபகுதியில் நிலைத்திருக்கும் வழக்கம் அது: வெண்ணெயில் தோய்த்த இறைச்சித் துண்டுகளை ரொட்டியின் மேல் வைத்துப் பரிமாறுவார்கள், பலர் இறைச்சியை மட்டும் தின்றுவிட்டு, எத்தனை துண்டு உண்டோம் என்று கணக்குக் காட்ட ரொட்டிகளை எதிரே அடுக்கி வைப்பார்கள். பழைய நாட்களில் கத்தியும் முள்கரண்டியும் கிடையாது, எல்லாம் கையால்தான்.

“கையால் சாப்பிடுவதற்கா ஆறு ஸ்டேக் கத்தி வாங்கி வந்தீர்கள்?” என்றார் மனைவி, அவற்றைத் துடைத்து உறையில் போட்டபடி.