நான்காம் பக்கத்தில் கிடந்த வாக்கியம்

வெளியுறவுக் கொள்கை பற்றி எழுதத் தொடங்கியிருக்கும் இளையோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஃபெலோஷிப் (ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் வாய்ப்பு) பெரியது என்பதைத்தான். பெயரைப் பார்ப்பதற்கு முன் அது யாருக்கென்று வகுக்கப்பட்டது என்று பாருங்கள் என்பதே என் பதில். இத்துறையில் பல ஃபெலோஷிப்கள் வாழ்க்கையின் ஏதோ இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அந்த ஆண்டுகள் கடந்துவிட்டால் திறமை எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது.

வாஷிங்டனில் உள்ள, வெளியுறவுக் கொள்கையை ஆராயும் கார்னகி நிறுவனத்தின் ஜேம்ஸ் சி. கெய்தர் இளநிலை ஃபெலோ திட்டம், இளங்கலை இறுதியாண்டில் இருப்பவர்களுக்கும் அண்மையில்தான் பட்டம் பெற்றவர்களுக்கும் உரியது. அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. திட்டத்தில் பங்கேற்கும் பல்கலைக்கழகம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். சி.ஐ.ஏ.வில் உயர் பதவி வகித்துப் பிற்காலத்தில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டுக்காக வாதாடிய ஹெர்பர்ட் ஸ்கோவில் பெயரில் 1987-இல் தொடங்கப்பட்ட அமைதி ஃபெலோஷிப்பும் புதிய பட்டதாரிகளுக்கானதே. ஆனால் அதில் எந்த ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றுவது என்பதை, பங்கேற்கும் நிறுவனங்களிலிருந்து தேர்வானவரே முடிவு செய்கிறார். ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை வழங்கும் சான்சலர் ஃபெலோஷிப் இந்தியா, பிரேசில் உள்ளிட்ட சில நாடுகளின் பட்டதாரிகளுக்குத் திறந்திருக்கிறது. அதில் திட்டத்தையும் நீங்களே வகுக்க வேண்டும், உங்களை ஏற்றுக்கொள்ளும் ஜெர்மன் நிறுவனத்தையும் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். பலர் விண்ணப்பப் படிவத்துக்காகக் காத்திருந்துவிட்டு இந்தத் தேடலைக் கடைசி மாதத்தில் தொடங்கித் தவிக்கிறார்கள்.

சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு வேறு வகைத் திட்டங்கள் வருகின்றன. அமெரிக்க வெளியுறவு மன்றம் 1967 முதல் நடத்திவரும் திட்டத்தின் நோக்கம், ஆய்வாளர்களை அரசு அலுவலகங்களுக்குள் அனுப்பிவைப்பது. ஸ்டான்ஃபோர்டில் கற்பித்துக்கொண்டிருந்த, பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காண்டலீசா ரைஸ் 1986-இல் அந்நாட்டின் முப்படைத் தலைமையகத்துக்குள் நுழைந்தது அந்த வழியில்தான்.

இவற்றில் பெரும்பாலானவை எழுத்து மாதிரி கேட்கின்றன. நல்ல விண்ணப்பங்கள் விழுவதும் அங்கேதான். என் முதல் மாதிரி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணைக் கடற்கொள்ளை பற்றியது. ‘உலகமயமாக்கல் வேகமெடுத்துள்ள இன்றைய சூழலில்’ என்று தொடங்கி, கடல்வழி வணிகத்தின் வரலாற்றை மூன்று பக்கம் சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அந்த மூன்று பக்கத்தின் மீதும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுவிட்டு, நான்காம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தை வட்டமிட்டார். ‘ரோந்துப் படகு கடல் எல்லையில் நின்றுவிடுகிறது, கொள்ளையர் படகு நிற்பதில்லை’ என்பது அந்த வாக்கியம். கட்டுரை இங்கே தொடங்க வேண்டும் என்றார். அதன் பிறகு, எல்லை தாண்டித் துரத்தும் உரிமையைக் கரையோர நாடுகள் ஒன்றுக்கொன்று தருமா, தராவிட்டால் என்ன செய்யலாம் என்பதை மட்டும் பேசச் சொன்னார். பல்கலைக்கழகக் கட்டுரை, எழுதியவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. கொள்கைக் குறிப்பைப் படிப்பவரோ நாளைக் காலை ஏதோ ஒரு முடிவை எடுக்க வேண்டியவர். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் அவருக்கு அதே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

எழுதுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதியின்படி நடக்கும் கூட்டங்களில் கேட்டதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையோ கூட்டத்தில் வேறு யார் இருந்தார் என்பதையோ வெளியிடக் கூடாது. சொன்னவர் பெயரோடு போட்டால்தான் மதிப்பு என்ற அருமையான மேற்கோள் குறிப்பேட்டிலேயே தங்கிவிடும். அதற்குப் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும்.

பண விஷயத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். உதவித்தொகை உண்டா, விசாச் செலவை யார் ஏற்கிறார்கள், வேறு வேலை செய்ய அனுமதி உண்டா என்பதெல்லாம் நேர்காணலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘நான்-ரெசிடென்ட்’ (நிறுவனத்தில் நேரில் இருந்து பணியாற்றாதவர்) என்ற அடைமொழியோடு வரும் ஃபெலோஷிப்களில் ஊதியமே இல்லாதவையும் உண்டு. அவற்றில் கிடைப்பது பெயருக்கு அருகே ஒரு பட்டமும் சில மின்னஞ்சல் அறிமுகங்களும்தான். உங்கள் வரைவை உட்கார்ந்து திருத்தித் தர அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மலாக்காக் குறிப்பை இரண்டு பக்கமாகச் சுருக்கி அனுப்பியும் அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, தரவுகளை மட்டும் புதுப்பித்து, அதையே வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். நேர்காணலில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி அந்த ரோந்துப் படகைப் பற்றியதாக இருந்தது.