அம்மாவின் எலும்புக் கணக்கு

2024 செப்டம்பர் 9

கொல்லைப் படியில் ஈரம். அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு. வீக்கத்தில் வளையலைக் கழற்ற முடியாமல் ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். இருபது வருஷமாகக் கையை விட்டு இறங்காத வளையல். வெட்டிய துண்டுகளை இடது கையில் பொத்தியபடியே படுத்திருந்தாள். மாவுக்கட்டு ஆறு வாரம். "நின்ற நிலையில் விழுந்ததுக்கு உடையுதுன்னா எலும்பு அடர்த்தியைப் பார்த்துடணும்" என்றார் டாக்டர்.

செப்டம்பர் 14

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. முதுகெலும்பு மைனஸ் 3.1, இடுப்பு மைனஸ் 2.6. இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் இது. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய். ரத்தத்தில் வைட்டமின் டி 11; குறைந்தது இருபது இருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கம் நசுங்கியிருந்தது. எப்போது நசுங்கியதோ! போன வருஷம் இரண்டு மாதம் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தது நான்தான். அலமாரி மேல்தட்டில் இருக்கும் உப்பு ஜாடி எட்டவில்லை என்று அவள் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

செப்டம்பர் 22

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்). அம்மா சாப்பிடுவதை ஒரு நாள் முழுக்கக் குறித்தேன். இரண்டு காபிக்கான பால், ஒரு கரண்டி மோர், சோறு, ரசம், பொரியல். 400-ஐத் தாண்டவில்லை. எல்லோருக்கும் தயிர் ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிய தண்ணீரைத் தனக்கு மோர் என்று ஊற்றிக்கொள்கிறவள். இத்தனை வருஷமும் எங்கள் கண்முன்னால்தான்.

100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காலையில் கூழ், அதில் கெட்டித் தயிர். மதியம் முருங்கைக்கீரை. பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால் உடம்பில் சேர்வது சொற்பம். எள் தோலோடு இருக்க வேண்டும், தீட்டிய எள்ளில் பெரும்பங்கு போய்விடுகிறது. கருப்பட்டி போட்டு இடித்த எள்ளுருண்டை ஒன்று, மாலையில்.

கால்சியம் மட்டும் போதாதாம், புரதமும் வேண்டும். அதனால் தினமும் பருப்பு, சுண்டல், ஒரு முட்டை. புரட்டாசி என்பதால் முட்டை இப்போதைக்கு இல்லை. ஊறுகாயும் அப்பளமும் குறைத்தாயிற்று. உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரில் வெளியேறும்.

செப்டம்பர் 30

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மடி நிறையப் பிரண்டை கொண்டுவந்தார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை ஒடித்து, நாரை உரித்தேன். அப்படியும் விரலிடுக்கில் அரிப்பு. எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால்தான் நாக்கு தப்பும். அம்மா இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

"எலும்பொட்டின்னு சும்மாவா பேர் வச்சாங்க? மாத்திரையெல்லாம் எதுக்குடி?" என்றார் பெரியம்மா. மனசுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது. டாக்டரிடமே கேட்டேன். பிரண்டையை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் இரண்டு இடம் உடைந்த பிறகு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றார். எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். சாப்பாடு செங்கல் மாதிரி, மாத்திரை சுவர் இடிவதை நிறுத்த. இரண்டும் வேண்டும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெளிந்தது.

அக்டோபர் 6

வெயில். விடிகாலை வெயில்தான் நல்லது என்று நினைத்திருந்தேன். வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிர் உச்சி வெயிலில்தான் அதிகம். ஜன்னல் கண்ணாடி வழியே அது வராது. பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் கால் மணி நேரம் உட்காரவைக்கிறேன். குறைவு அதிகம் என்பதால் வாரம் ஒரு பாக்கெட் மருந்துப்பொடியும் உண்டு.

அக்டோபர் 21

கட்டுப் பிரித்தாயிற்று. கை சூம்பி, தோல் உரிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. வரும் வழியில் நெத்திலி வாங்கினேன், முள்ளோடு சாப்பிட. கருவாடு வேண்டாம், உப்பு.

நவம்பர் 17

எலும்புக்குப் பாரம் வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, சாயங்காலம் தெருமுனை வரை நடை. முதல் வாரம் நாலு தடவைக்கே மூச்சு வாங்கினாள், இப்போது பத்தும் முடிகிறது. குனியத்தான் தடை. முன்னால் வளைந்தால் நசுங்கிய கட்டைக்கு மேலும் கேடு. பெருக்குவது, குடம் தூக்குவது எல்லாம் நான். கொல்லைப் படியில் கைப்பிடி போட்டாயிற்று.

"அப்போ மார்கழிக்குக் கோலம்?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

டிசம்பர் 16

மார்கழி ஒன்று. நாலரைக்கு எழுந்தேன், அம்மா அதற்கு முன்பே எழுந்து கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். குனியவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "பதினைஞ்சு புள்ளி, இடுக்கு. எட்டுல நிறுத்து" என்றாள். மூன்றாவது வரிசை கோணல் என்று அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.