எல்லாப் பித்தக்கல்லும் கொழுப்பால் வருவதில்லை

பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொல்லிவிட்டால், நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு உள்ளாவது எண்ணெயும் முட்டையும்தான். கல் என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் சாப்பாடு என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறோம். உண்மையில் பித்தக்கற்கள் ஒரே பொருளால் ஆனவை அல்ல. ஒரே காரணத்தால் வருபவையும் அல்ல. எந்தக் கல் என்பதைப் பொறுத்து, உடலில் தவறு நேர்ந்த இடமும் மாறுகிறது.

கல்லீரல் ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் உண்ணாதிருக்கும் வேளையில் அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பித்தப்பைக்குள் சென்று சேர்கிறது. 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் அந்தச் சிறு பை, பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, அதைப் பல மடங்கு செறிவாக்கி வைத்திருக்கிறது. கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகினின் என்னும் ஹார்மோன் சுரக்க, பை சுருங்கி, பித்தநீர் குடலுக்குள் இறங்குகிறது. செறிவாக்குவதும் தேக்கிவைப்பதுமே பித்தப்பையின் பணி. கல் உருவாவதற்கு வேண்டிய சூழலும் அவ்விரண்டிலேயே இருக்கிறது.

உலகளவில் மிகுதியாகப் பேசப்படுவது கொலஸ்ட்ரால் கல். மேலை நாடுகளில் காணப்படும் பித்தக்கற்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை இவ்வகையே. உடல் தன்னிடமுள்ள மிகுதியான கொலஸ்ட்ராலை வெளியேற்றும் முதன்மையான வழி பித்தநீர்தான். ஆனால் கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாத பொருள். பித்த உப்புகளும் லெசித்தின் வகைக் கொழுப்புகளும் சேர்ந்து நுண்துகள்களாக அமைந்து, அதைத் தமக்குள் ஏந்திக்கொண்டுதான் கரைசலில் வைத்திருக்கின்றன. இம்மூன்றும் எந்த விகிதத்தில் இருக்கும்வரை கொலஸ்ட்ரால் கரைந்திருக்கும், எந்த எல்லையைத் தாண்டினால் படிகமாகப் பிரியும் என்பதை 1968-இல் அட்மிராண்ட், ஸ்மால் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கோண வரைபடமாகக் காட்டினார்கள். பித்தக்கல் ஆய்வில் இன்றும் அடிப்படையாக நிற்கும் வேலை அது. கல்லீரல் கொலஸ்ட்ராலை மிகுதியாகப் பித்தநீரில் சேர்த்தாலும், பித்த உப்புகள் குறைந்தாலும் அந்த எல்லை மீறப்படுகிறது.

எல்லை மீறிய பித்தநீர் உள்ள எல்லோருக்கும் கல் வந்துவிடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. படிகம் தோன்றுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். பித்தப்பையின் உட்சுவர் சுரக்கும் மியூசின் என்னும் கொழகொழப்பான புரதம் அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. கற்கண்டு காய்ச்சுபவர்கள் பாகில் நூல் கட்டிவிடுவதும், அந்த நூலைப் பற்றியே படிகங்கள் வளர்வதும் போன்றதுதான் இது. அதோடு பை நன்றாகச் சுருங்கிக் காலியாகிவிட்டால், நுண்படிகங்கள் கல்லாவதற்குள் குடலுக்குப் போய்விடும். சுருக்கம் மந்தமாகும்போது அவை மியூசினோடு கலந்து சேறுபோல் அடியில் தங்குகின்றன. ஸ்கேன் அறிக்கைகளில் 'ஸ்லட்ஜ்' என்று எழுதப்படுவது இதுவே. சிலருக்கு இது தானாகவே மறைந்துவிடும்; சிலருக்கு மாதங்களிலும் ஆண்டுகளிலும் இறுகிக் கல்லாகும்.

இந்தப் பின்னணி தெரிந்தால், யாருக்கெல்லாம் இந்தக் கல் வருகிறது என்பது எளிதில் விளங்கும். பெண்களின் ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன், கல்லீரலிலிருந்து பித்தநீருக்குச் செல்லும் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. மற்றொன்றான புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. கர்ப்ப காலத்தில் இரண்டும் ஒருசேர உயர்வதால், பிள்ளைப்பேற்றை ஒட்டிய காலத்தில் பல பெண்களுக்குச் சேறும் கல்லும் தோன்றுகின்றன. உடல் பருமன் கொலஸ்ட்ரால் சுரப்பைக் கூட்டுகிறது. ஆனால் அந்தப் பருமனை மிக வேகமாகக் குறைப்பதும் கல்லை வரவழைக்கும். உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு கரையும்போது கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் பெருகுகிறது. உணவு குறைந்ததால் பையும் சுருங்காமல் கிடக்கிறது. உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சில மாதங்கள் அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்னும் மருந்து கொடுக்கப்படுவது இதைத் தடுக்கத்தான். ஆகவே கல் வராமலிருக்கக் கொழுப்பே இல்லாமல் பட்டினி கிடக்கிறேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அளவு இயல்பாக உள்ளவருக்கும் இந்தக் கல் வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பித்தநீரின் விகிதமே இங்கு முக்கியம்.

கருப்பு நிறமிக் கல்லின் கதை முற்றிலும் வேறு. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து அழியும்போது, அவற்றிலுள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதி பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியாக மாறுகிறது. கல்லீரல் அதனோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையும்படி செய்து பித்தநீரில் விடுகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழியும் நோய்களில் இந்த நிறமி பெருகி, இணைக்கப்படாத பிலிருபினும் பித்தநீரில் கூடிவிடுகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து, நாளடைவில் சங்கிலிபோல் பிணைந்து, கன்னங்கரேலென்ற, சிறிய, கடினமான கற்களாகிறது. அரிவாள் செல் சோகை, தலசீமியா, பிறவி உருண்டைச் சிவப்பணு நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே இக்கல் வருகிறது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கும் வரும்.

என் அக்கா மகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வந்தது இந்தக் கல்தான். பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்து வளர்த்தாய் என்று அக்காவைக் கேட்காத உறவினர் இல்லை. அந்தப் பெண் மெலிந்தவள். பொரித்த பண்டம் எதையும் விரும்பித் தொடாதவள். அவளுடைய சிவப்பணுக்கள் பிறவியிலேயே உருண்டையாக அமைந்து, மண்ணீரலில் சிக்கி, விரைவில் சிதைந்துகொண்டிருந்தன. அவள் கண்ணில் அவ்வப்போது தெரிந்த மஞ்சளுக்கும் பித்தப்பையில் இருந்த கல்லுக்கும் காரணம் ஒன்றே. சமையலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு தாய் தேவையில்லாமல் சுமந்த அந்தப் பழிதான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

பழுப்பு நிறமிக் கல் பெரும்பாலும் பித்தநாளங்களிலேயே உருவாகிறது. அதற்கு வேர் நோய்த்தொற்று. குறுகிய அல்லது அடைபட்ட நாளத்தில் பித்தநீர் தேங்க, குடலிலிருந்து ஏறிவரும் ஈகோலை போன்ற பாக்டீரியாக்கள் அங்கே பெருகுகின்றன. அவற்றின் பீட்டா குளுகுரோனிடேஸ் நொதி, கல்லீரல் இணைத்து அனுப்பிய குளுகுரோனிக் அமிலத்தைப் பிலிருபினிலிருந்து பிரித்துவிடுகிறது. தனித்துவிடப்பட்ட பிலிருபின் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மக்கி 1966-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதையைத் தெளிவாக்கியது. வேறு நொதிகள் லெசித்தினைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்க, அவையும் கால்சியத்தோடு சேர்ந்து படிகின்றன. அதனால் இந்தக் கல் மென்மையாக, அடுக்கடுக்காக, விரலால் அழுத்தினாலே உதிரும் தன்மையோடு இருக்கும். நாளத்துக்குள் புகுந்து மடிந்த உருளைப்புழுவோ, கிழக்காசியாவில் ஆற்றுமீனைச் சமைக்காமல் உண்பதால் வரும் கல்லீரல் தட்டைப்புழுவோ இதற்குக் கருவாகலாம். பித்தப்பையை எடுத்த பிறகும் நாளத்தில் இக்கல் புதிதாக உருவாகக்கூடும்.

இந்தியாவுக்குள்ளேயே இந்த வகைகளின் பரவல் வேறுபடுகிறது. வட இந்திய நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி; தென்னிந்திய ஆய்வுகளில் நிறமிக் கற்களின் பங்கு வட இந்தியாவைவிடக் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. அதனால் மேலை நாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாக இருக்காது.

வகை தெரிந்திருப்பது சிகிச்சைக்கும் உதவுகிறது. மேலே குறிப்பிட்ட அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம், கால்சியம் படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டுமே, அதுவும் பல மாதங்களில், கரைக்க வல்லது. நிறமிக் கற்களிடம் அது பலிக்காது. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாற்றைப் பித்தக்கல்லுக்கும் குடிப்பவர்கள் பலர். சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். அது உருவாவது சிறுநீரில். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. தொல்லை தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை; வலி தொடங்கிவிட்டால், சாறுகளில் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

பித்தப்பையை அகற்றிய பிறகு பல மருத்துவமனைகளில் கற்களை ஒரு குப்பியில் போட்டு வீட்டாரிடம் கொடுக்கிறார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிடாமல், நிறத்தைப் பார்த்து, என்ன வகை என்று மருத்துவரிடமே கேளுங்கள். இளம் வயதினருக்கோ, சோகையும் மஞ்சள்காமாலையும் அடிக்கடி வருபவருக்கோ கருப்புக் கல் வந்திருந்தால், சிவப்பணுக்கள் ஏன் அழிகின்றன என்பதற்கான இரத்தப் பரிசோதனைகளை ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த நோய் பரம்பரையாக வரக்கூடியது என்பதால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.