பெரியம்மாவின் இன்சுலின் முந்நூற்றுச் சொச்சம்

போன மாதம் மலேசியாவில் ஈப்போ பக்கத்திலிருக்கும் சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தபோது பெரியம்மா மைலோ டின்னுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். நான் ஈப்போவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதால் குடும்பத்தில் யாருடைய ரிப்போர்ட்டும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். "இன்சுலின் முந்நூத்துச் சொச்சம் இருக்காம்மா. உடம்புலயே இவ்வளவு இருக்கப்ப ஊசி எதுக்குன்னு ரிப்போர்ட் குடுத்த இடத்துல கேட்டாங்க." சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் சாதாரணமாக 25 மைக்ரோயூனிட்டுக்குள் இருக்க வேண்டியது. இரண்டு நாளாக ஊசியே போடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் சர்க்கரை 19.4 மில்லிமோல், ரொம்ப அதிகம்.

எனக்கு வந்த கோபம் அந்த எண் மேல் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இன்சுலின் போடுகிறவருக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொன்னதுதான்.

வெளியிலிருந்து வரும் இன்சுலினுக்கு எதிராகச் சிலர் உடம்பு ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும். மாடு, பன்றி இன்சுலின் காலத்தில் இது அதிகம், இப்போதைய மனித இன்சுலினில் குறைவு, ஆனால் ஒழியவில்லை. சும்மா இருந்தால் சில நிமிஷத்தில் கழிந்துவிடும் இன்சுலினை ஆன்டிபாடி பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் குவிந்து கிடக்கும், வேலை செய்யாது. பிறகு நேரங்கெட்ட நேரத்தில் விட்டுவிடும், சர்க்கரை இறங்கிவிடும். பெரியம்மா விடியற்காலை வேர்த்து நடுங்கி எழுவதற்கும் இது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. நியூயார்க் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாலமன் பெர்சன், ரோசலின் யாலோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்து 1956இல் எழுதியபோது பத்திரிகை ஆன்டிபாடி என்ற சொல்லையே ஏற்கவில்லை, தலைப்பில் வேறு சொல் போட வேண்டியதாயிற்று. அதே வகை ஆன்டிபாடியை வைத்துத்தான் ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, பெர்சன் 1972இலேயே இறந்துபோனார். அந்த ஆன்டிபாடி நோயாளியின் ரத்தத்திலேயே இருந்தால் அந்தச் சோதனையே ஏமாந்துபோகிறது. முறையைப் பொறுத்து எண் ஏறும், இல்லை இறங்கும், இல்லை எதற்கும் சேராமல் நடுவில் நிற்கும்.

சரி, எப்படி அளப்பது? பெரியம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதனால் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் கட்டியாகி, தண்ணி தனியாக நிற்கும் இல்லையா, அதே மாதிரி ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில் பெக் என்னும் பாலிஎதிலீன் கிளைகாலை 12.5 சதவீதம் இருக்கும்படி சேர்த்துச் சுழற்றினால் ஆன்டிபாடி, பிடித்து வைத்திருக்கும் இன்சுலினோடு அடியில் படிந்துவிடும். மேலே தெளிவாக நிற்பதில் இருப்பதுதான் வேலை செய்யும் இன்சுலின். மொத்தமும் வேண்டுமென்றால் முதலில் ஆசிட் போட்டுப் பிடியை விடுவித்து, அப்புறம் பெக். "இங்க ஆசிட் போட்டா பிரியுதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தொல்லை ரத்தம் எடுத்த நிமிஷத்திலேயே ஆரம்பிக்கிறது. குளிர்ந்தால் ஆன்டிபாடியின் பிடி இறுகும். ஐஸ் பெட்டியில் வைத்து வேனில் ஈப்போ வந்து சேருவதற்குள் பிடிபடாமல் இருக்கும் இன்சுலின் அளவு மாறிவிடும். அதனால் உடனே பெக் போட்டுப் பிரிப்பதுதான் சரி. சில இடங்களில் சீரத்தை உடம்புச் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு பிரிப்பார்கள். சிவப்பணு உடைந்திருந்தால் அதிலிருக்கும் என்சைம் இன்சுலினைத் தின்றுவிடும், அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் சி-பெப்டைடு பார்த்தாலே போதும். உடம்பு இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் துண்டு அது, ஊசி மருந்தில் கிடையாது. ஆனால் சிறுநீரகம் பலவீனமானால் கூடுதலாகக் காட்டும், ஆன்டிபாடி பிடித்த புரோஇன்சுலினும், அதாவது இன்சுலினாகப் பிரிவதற்கு முந்தைய வடிவமும், சேர்ந்து எண்ணப்படலாம். பெரியம்மாவுக்கு எடுத்துப் பார்த்தோம், லிட்டருக்கு 0.1 நானோமோல். 0.2க்குக் கீழே என்றால் சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப போடணுமா?"

"போடணும் பெரியம்மா."

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது காட்டச் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஊசி போடுபவர், எந்த இன்சுலின், கடைசியாக எத்தனை மணிக்கு. கிளார்ஜின் மாதிரி மாற்றி அமைத்த இன்சுலின்களைச் சில கருவிகள் பார்ப்பதே இல்லை. அவர் வைத்திருந்த பரிசோதனைப் படிவத்தில் இது எதையும் எழுத இடமே இல்லை.