செத்த மீன் பார்க்க 800 கிலோமீட்டர்

முதலில் அந்த மோட்டல்காரரைத் திட்டிவிட்டு அப்புறம் மீனுக்கு வருகிறேன். கனடாவின் கம்லூப்ஸ் ஊரில் இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்றை மூன்று வாரம் முன்பே ஆன்லைனில் 149 டாலருக்குப் பதிவு செய்திருந்தேன். இரவு ஒன்பதரைக்குப் போய் நின்றால், உங்கள் பெயரில் எதுவும் இல்லையே என்கிறார். ரசீதைக் காட்டினேன். அது வேறு தளமாம், அவர்களுக்கு வந்து சேரவில்லையாம், கைவசம் ஒரே ஓர் அறை இருக்கிறதாம், 265, வரி தனி. தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்ட், பின் சீட்டில் அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், பையன் வாயைப் பிளந்து தூங்குகிறான், என்ன செய்ய? கொடுத்தேன். ஹீட்டர் ஓடவில்லை. அம்மா போர்வைக்குள்ளிருந்து, “இந்தக் காசுக்கு வஞ்சிரமா வாங்கியிருந்தா ஆறு மாசம் சாப்பிட்டிருக்கலாமேடா” என்றார். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்ரோல் வேறு அந்த 2022 அக்டோபரில் லிட்டர் 2 டாலருக்கு மேல் விற்றது. வான்கூவர் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சர்ரேயிலிருந்து போய்வர 800 கிலோமீட்டருக்குக் குறையாது. எதற்கு இந்தக் கூத்து என்றால், ஆடம்ஸ் ஆற்றில் சாக்கை என்ற சால்மன் வகை மீன் கடலிலிருந்து முட்டையிடப் பெருங்கூட்டமாக ஏறுவது நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான். 2010, 2014, 2018, அப்புறம் நாங்கள் போன 2022. மற்ற வருடங்களிலும் மீன் வரும், ஆனால் ஆறே சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு வராது. அம்மா மயிலாடுதுறையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார், இதை விட்டால் 2026தான் என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஹோப் ஊர் வரைக்கும் ஃப்ரேசர் ஆறு நெடுஞ்சாலையை ஒட்டியே வருகிறது. அதற்குப் பிறகு நாம் கோக்கஹாலா மலைச்சாலையில் ஏறிவிடுகிறோம் (2021 நவம்பர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பாலங்களை அப்போது இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள், நிறைய இடத்தில் மெதுவாகத்தான் போக முடிந்தது). மீனுக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. அது ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் எதிர்நீச்சல் போட்டு, லிட்டனில் தாம்ஸன் ஆற்றுக்குள் திரும்பி, கம்லூப்ஸ் தாண்டி, ஷுஸ்வாப் ஏரிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆடம்ஸைத் தேடி ஏறுகிறது. கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். நன்னீருக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடுவதில்லை. நாங்கள் மெரிட்டில் ஒரு தடவை, கம்லூப்ஸில் ஒரு தடவை சாப்பிட்டோம், அதிலேயே பையன் பசி பசி என்று உயிரை வாங்கினான்.

மறுநாள் காலை ஸ்குவிலாக்ஸ் பாலம் தாண்டியதும் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஆடம்ஸ் ஆறு ஓடும் பூங்காவுக்கு அந்த ஒரே ரோடுதான். முன்பு ஒரு வெள்ளைக்கார எழுத்தாளர் பெயரில் இருந்த பூங்கா, 2018இல் சூச்வெக் என்று பெயர் மாறியிருக்கிறது. இந்த மண்ணின் செக்வெப்மக் மக்கள் மொழியில் ‘பல ஆறுகள்’ என்று அர்த்தம். தயவுசெய்து லாங் வீக்கெண்டில் போகாதீர்கள். பார்க்கிங் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கார்க் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மனைவி துப்பட்டாவை மூக்கோடு கட்டிக்கொண்டாள். “என்னங்க இது, இதுக்கா வந்தோம்?” அம்மா மட்டும் அசரவில்லை. “கருவாட்டுக்குக் காயப்போடற இடத்துல நின்னது இல்லையா நீங்கள்லாம்?” என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதோ.

சரி, மீன். படத்தில் பார்த்தது எதுவும் இதற்குக் கிட்டக்கூட வராது. காட்டன்வுட் மரங்களின் மஞ்சள் இலை தண்ணீரில் மிதக்கிறது, அதற்குக் கீழே பழுத்த மிளகாய் நிறத்தில் உடம்பும் பாசிப்பச்சைத் தலையுமாக மீன்கள், நூறா ஆயிரமா என்று எண்ணவே முடியாது, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீரோடு மல்லுக்கட்டி நிற்கின்றன. கடலில் இருக்கும்போது இதே மீன் வெள்ளியாக, முதுகு நீலமாக இருக்கும், சதைதான் சிவப்பு. ஆற்றில் ஏறும்போது சதையிலிருக்கும் சிவப்பு நிறம் தோலுக்கு வந்து, சதை வெளுத்துவிடுகிறது. ஆணுக்கு முதுகில் திமில், கிளிமூக்கு போல வளைந்த வாய். சாக்கை என்ற பெயரே இந்தக் கரையோரப் பழங்குடி மொழியில் ‘சிவப்பு மீன்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான், ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிவைத்துவிட்டார்கள்.

கரையிலிருந்து மூன்றடியில் ஒரு பெண் மீனையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடியிலுள்ள கூழாங்கல்லை நாலைந்து தடவை அறைகிறது, மண் புகை மாதிரி கிளம்பித் தண்ணீரோடு போகிறது, மறுபடி வந்து அதே இடத்தில் நிற்கிறது. குழி பறிக்கிறதாம், முட்டையிட. ஒரு பெண் மீன் 4,000 முட்டை வரை இடும். பறித்துப் பறித்து அதன் வால் ஓரம் தேய்ந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. “அப்பா, அதுக்கு வலிக்காதா?” என்றான் பையன். பக்கத்தில் ஓர் ஆண் மீன் ஒட்டி உரசி நிற்கிறது, வேறு எவனாவது கிட்டே வந்தால் வாயைப் பிளந்து விரட்டுகிறது. பின்னால் கொஞ்சம் தள்ளி இரண்டு டிரவுட் மீன்கள் நல்ல பிள்ளை மாதிரி நிற்கின்றன, முட்டை ஏதாவது உருண்டு வந்தால் தின்பதற்கு. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற ஆளை எல்லா ஊரிலும் பார்க்கலாம் போல.

இந்த நேரத்தில் ஒருவர் செல்ஃபிக்காக ஷூவோடு ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டார். அவர் மிதித்தது அந்த முட்டைக் குழிகளைத்தான். தன்னார்வலராக நின்ற ஒரு வயதான பெண்மணி போட்ட சத்தத்தில் ஆள் குதித்து வெளியே வந்தார். எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்த அம்மாளிடம்தான் நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன், இவ்வளவு செத்த மீனை யாரும் அள்ளிப் போடுவதில்லையா என்று. கரையெல்லாம் பிணம்தான், கண்ணைக் கழுகும் கடற்காகமும் கொத்தித் தின்ற மீன்கள், பூஞ்சை பிடித்து வெள்ளையாகிப் போனவை, உயிரோடிருக்கும்போதே அழுக ஆரம்பித்தவை. முட்டையிட்ட சில நாளில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் செத்துவிடும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “அள்ளினால் ஆறு பட்டினி கிடக்கும்” என்றார்.

அப்புறம் சொன்னதைத்தான் நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். முட்டை வசந்த காலத்தில் குஞ்சாகி ஷுஸ்வாப் ஏரிக்கு இறங்கும், அங்கே ஒரு வருடம் வளரும், பிறகுதான் கடல். அந்த ஏரியில் குஞ்சு தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை. அவை கொழுப்பது இந்தப் பிணங்கள் கரைந்து சேர்ந்த சத்தில். பெற்றவர்கள் பிள்ளை முகத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் சோறு போட்டுவிட்டுப் போகிறார்கள். மழைக்காடுள்ள கடற்கரைப் பக்கம் கரடிகள் மீனைக் காட்டுக்குள் தூக்கிப்போய், மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடுகின்றன, அது மரத்துக்கு உரம். விக்டோரியா பல்கலைக்கழகத்து டாம் ரெய்ம்கென் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். கடலில் அதிகமாகக் கிடைக்கும் நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் காட்டு மரத்துக்குள்ளேயே இருக்கிறது. மரத்துக்குள் கடல்! இங்கே நாங்கள் கரடியைப் பார்க்கவில்லை, கரடி ஜாக்கிரதை என்ற பலகையைத்தான் பார்த்தோம். பையனுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

இது இப்படியே நடந்துகொண்டிருந்ததும் இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மர வியாபாரக் கம்பெனி, வெட்டிய மரத்தை மிதக்கவிட ஆடம்ஸ் ஏரி வாயில் அணை கட்டியது. ஏரிக்கு மேலே போகும் கூட்டம் அதோடு அழிந்தது. 1914இல் ரயில் பாதை போடும்போது ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் பாறை சரிந்து ஃப்ரேசரே குறுகிப்போக, மீன் ஏற முடியாமல் தவித்தது. மீன் படிப்படியாக ஏறிப்போக வழிவிடும் மீன் ஏணி கட்ட 1940கள் வரை ஆகிவிட்டது. 2009இல் ஃப்ரேசருக்குத் திரும்பிய சாக்கை சுமார் 15 லட்சம்தான் என்று அரசே விசாரணைக் கமிஷன் போட்டது, மறு வருடமே சுமார் 3 கோடி வந்து நின்றது.

அணை என்றதும் அம்மா, “கொள்ளிடத்துல உல்லம் ஏறும்னு எங்க தாத்தா சொல்வார்” என்றார். உல்லமும் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறுகிற மீன்தான், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவது இதற்குத்தான். அணைக்கரையும் 1934இல் மேட்டூரும் வந்த பிறகு காவிரியில் அது எங்கே ஏறும்? “நான் பார்த்ததில்லை, கதையாத்தான் கேட்டிருக்கேன்” என்று ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாடு! பூங்காவிலிருந்து திரும்பும்போது ரோட்டோரக் கடையில் பானக் கிடைத்தது, பழங்குடிகள் எண்ணெயில் பொரிக்கும் ரொட்டி, உள்ளே புகை போட்ட சால்மன். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. “வெள்ளைப் பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி” என்று அம்மா தீர்ப்புச் சொல்லி இரண்டாவது கேட்டார். ஒன்று 14 டாலர், நாலு பேருக்கு ஆறு வாங்கினோம், இதில் மட்டும் ஒரு காசு கூட வருத்தமில்லை.

போகிறவர்களுக்கு: வாரநாளில் போங்கள், காலை எட்டுக்குள் போய்விடுங்கள், தண்ணீரின் மினுமினுப்பைத் தாண்டிப் பார்க்கப் போலராய்டு கண்ணாடி வேண்டும், ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நான் நல்ல ஷூவில் போய், எதையோ மிதித்துத் தொலைத்திருக்கிறேன். மூன்று நாளாகப் பால்கனியில் கிடக்கிறது. மனைவி வீட்டுக்குள் விடவில்லை. அம்மா அதற்குள் பக்கத்து ஃப்ளாட் ஆட்களிடம் 2026க்கு விசா எப்போது போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.