துப்பாக்கி புடிக்க கத்துக்கணும்னா மொதல்ல வாத்தியார பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நம்ம தோட்டத்து பசங்க நெறய பேரு இப்ப ஜாகா வேலைக்கு, அதாவது செக்யூரிட்டி கார்டு வேலைக்கு போறாங்க, அதுலயும் துப்பாக்கியோட நிக்கிற போஸ்ட்டுக்கு சம்பளம் கொஞ்சம் கூட வரும்னு தெரிஞ்சதும் "அண்ணே பக்கத்துல நல்ல கிளாஸ் எங்க இருக்கு, யாரு நல்லா சொல்லி குடுப்பாங்க"ன்னு கேக்குறாங்க. நான் துப்பாக்கி சுடுற டெஸ்ட் பாஸ் பண்ணி அந்த வேலையிலதான் இருக்கேன், தெரிஞ்சத எழுதுறேன்.

யூடியூப்ல அமெரிக்காக்காரன் சொந்த துப்பாக்கிய இடுப்புல சொருகிட்டு சனிக்கெழம கிளாசுக்கு போவான், அத பாத்துட்டு இங்க அப்படி தேடாதீங்க. நம்ம நாட்டுல 1960 ஆயுத சட்டம் இருக்கு, லைசன் போலீஸ்தான் குடுக்கும், ஏர் ரைஃபிள் கூட அதுல அடக்கம். தோட்டத்துல காட்டுப்பன்னி தொல்லைக்கு லைசன் எடுத்து ஷாட்கன் வச்சிருக்கறவங்க உண்டு, ஆனா "வீட்டு பாதுகாப்புக்கு வேணும்"னு போய் நின்னா சாமானியமா கெடைக்காது. லைசன் இல்லாம கையில வச்சிருந்து மாட்டுனா 1971 துப்பாக்கி கூடுதல் தண்டனை சட்டப்படி 14 வருசம் வரைக்கும் உள்ள, கொறஞ்சது 6 ரோத்தான் (பிரம்பு) அடி. அதனால எவனாவது "பேப்பர் ஒன்னும் வேணாம் தம்பி, எஸ்டேட் பின்னாடி சுட்டு பழகலாம்"னு கூப்புட்டா அந்த பக்கமே போகாதீங்க.

நேர் வழின்னா செக்யூரிட்டி கம்பெனிதான். கேடிஎன் (உள்துறை அமைச்சு) லைசன் உள்ள கம்பெனியான்னு கேளுங்க, சிஎஸ்ஜி கூர்சுஸ் (செக்யூரிட்டி கார்டு சர்டிபிகேட் கிளாஸ்) எந்த சென்டர்ல, சுடுற ட்ரெய்னிங் எந்த லாபாங் சாசார்ல (ரேஞ்சுல), யாரு ஜூரூலாத்தே (வாத்தியார்)ன்னு காசு கட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க. பதில் சொல்ல தடுமாறுனா வேற எடம் பாருங்க. ஸ்போர்ட்ஸ் கிளப்புல சேந்து சுடறது வேற, அது போட்டிக்கு, வேலைக்கான பேப்பர் அதுல வராது.

இனி வாத்தியார் விசயம், இதுதான் முக்கியம். எனக்கு சொல்லி குடுத்தது ரிட்டையரான போலீஸ் சார்ஜன் அங்கிள் ஒருத்தரு. காலையில பூரா குண்டே தரல. காலி ரிவால்வர் முனையில 20 சென் காச வச்சு காசு விழாம ட்ரிகர அமுக்க சொன்னாரு, பசங்களுக்கு ஒரே கடுப்பு. மத்தியானம்தான் ரேஞ்சுக்கு போனோம், அங்க நமக்கு தெரியாம ரிவால்வரோட ரெண்டு மூணு அறைக்குள்ள ஏற்கனவே சுட்ட காலி தோட்டா கூட்ட போட்டு குடுத்துட்டாரு, வெடிக்காத எடத்துல துப்பாக்கி முனை குபுக்குனு கீழ குனியுது பாருங்க, அப்பதான் சத்தத்துக்கு பயந்து நம்ம கை முன்கூட்டியே இழுக்குதுன்னு எல்லாருக்கும் வெளங்குச்சு. இப்படி சொல்லி குடுக்கறவரு கெடைச்சா விடாதீங்க. வந்த ஒடனே ஒரு பாக்ஸ் தோட்டாவ நீட்டி "சுடு சுடு"ன்னு வீடியோ எடுக்கறவரு எனக்கு வாத்தியாரா தெரியல.

இன்னொன்னு கவனிங்க, வாத்தியாரே துப்பாக்கிய கையில எடுக்கும்போது தெறந்து காலியான்னு பாக்கறாரா, வெரல ட்ரிகர்ல வைக்காம நேரா நீட்டி வச்சிருக்காரா, முனை யார் பக்கமாவது திரும்புதான்னு. அவரே அசால்ட்டா இருந்தா ட்ரெய்னிங் எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம்.

சட்டத்த சொல்லி தராத கிளாசும் பாதி கிளாஸ்தான். குற்றவியல் சட்டத்துல 96லேருந்து 106 வரைக்கும் உள்ள பிரிவுங்க தற்காப்பு பத்திதான், அதுல 99வது பிரிவ நல்லா படிங்க, தேவைக்கு மேல காயப்படுத்த உரிமை இல்ல, போலீஸ கூப்புட நேரம் இருந்தா தற்காப்புன்னு சொல்ல முடியாது. பொருள் திருடிட்டு ஓடறவன் முதுகுல சுட்டுட்டு "பாதுகாப்புக்கு சுட்டேன்"னா கோர்ட்ல சுலபமா எடுபடாது. சார்ஜன் அங்கிள் இதுக்கே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு, தூங்குனவன எழுப்பி கேள்வி கேட்டாரு.

வீட்டுல பெருசுங்க ஒத்துக்க மாட்டாங்க, அதுக்கும் தயாரா இருங்க. 1948 ஜூன் 16ல நம்ம பக்கத்து தோட்டங்கள்லதான் மூணு வெள்ளைக்கார துரைய சுட்டாங்க, அதுக்கப்புறம்தான் அவசரகாலம் வந்துச்சு, அந்த கதைய கேட்டு வளந்தவங்களுக்கு துப்பாக்கின்னாலே ஆகாது.

டெஸ்ட்டுக்கு காதுக்கு பஞ்சு வச்சுட்டு போகாதீங்க, சரியான இயர் மஃப் கேட்டு வாங்குங்க, கண்ணாடியும் போடுங்க. முக்கியமா மொத நாள் நைட் ஷிப்ட் அடிச்சுட்டு நேரா ரேஞ்சுக்கு போனா கை நடுங்கும், சூப்பர்வைசர்ட்ட முன்னாடியே சொல்லி ஷிப்ட்ட மாத்திக்குங்க.